கையேந்திய மகுடம்

ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து என்று ஒரு நாடு கிடையாது. நார்த்தம்பிரியா, மெர்சியா, கிழக்கு ஆங்கிலியா, வெசெக்ஸ் என்று சிற்றரசுகளே இருந்தன. கடல் தாண்டி வந்த டேனிய வைக்கிங்குகள் அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கி, கடைசியில் தெற்கிலிருந்த வெசெக்ஸை நெருங்கினார்கள். 871இல் அங்கே அரசரான ஆல்ஃபிரட் அந்த ஆண்டிலேயே செய்த ஒரு காரியம் வீரமானதல்ல. பணம் கொடுத்து எதிரியைத் திருப்பி அனுப்பினார். அந்த நிம்மதி சில ஆண்டுகளே நீடித்தது. 878 ஜனவரியில் வந்த திடீர்த் தாக்குதலில் நாட்டைப் பறிகொடுத்து, சாமர்செட் சதுப்புகளில் பதுங்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு மீண்டும் படை திரட்டி எடிங்டனில் வென்றார். தோற்ற டேனியத் தலைவர் குத்ரும் ஞானஸ்நானம் பெற்றபோது ஆல்ஃபிரட்டே ஞானத்தந்தையாக நின்றார்.

'மகா ஆல்ஃபிரட்' என்று அவரை அழைக்கக் காரணம் இந்த வெற்றி மட்டுமல்ல. நாடு முழுக்க மதில் சூழ்ந்த ஊர்களை அமைத்து, அவற்றைக் காப்பதற்கு ஆள் அனுப்பும் பொறுப்பைச் சுற்றுவட்ட நிலங்களின் மேல் சுமத்தினார். லத்தீன் நூல்களை மக்கள் பேசிய ஆங்கிலத்தில் பெயர்த்தார், சட்டங்களைத் தொகுத்தார். 899இல் அவர் இறந்தபின் மகனும் மகளும் டேனியரிடமிருந்து நிலத்தை மீட்டுக்கொண்டே போக, பேரன் ஏதெல்ஸ்டன் 927இல் யார்க் நகரைக் கைப்பற்றினார். ஆங்கிலேயர் அனைவருக்கும் அரசர் என்று சொல்லத்தக்க முதல் ஆள் அவர்தான்.

டேனியர் மறுபடி வந்தார்கள். அவர்களுக்குக் கப்பம் கட்டவும், பிறகு படைக்குச் சம்பளம் கொடுக்கவும் நிலத்தின் மேல் விழுந்த வரி, ஆபத்து நீங்கியபின்னும் ஆள்வோரின் நினைவை விட்டு நீங்கவில்லை. ஐரோப்பாவின் வேறு பல அரசர்களுக்கு இல்லாத ஒரு வசதி இதனால் இங்கிலாந்து அரசர்களுக்கு வாய்த்தது: கிராமம் கிராமமாக வரி போட்டு வசூலிக்கும் ஏற்பாடு. கடலுக்கு அப்பால் நார்மண்டியை ஆண்ட வில்லியம் இந்த நாட்டின் மேல் கண் வைத்ததில் வியப்பில்லை.

1066 ஜனவரியில் எட்வர்ட் அரசர் வாரிசில்லாமல் இறந்தார். ஆங்கிலேயப் பிரபு ஹரோல்ட் முடிசூடினார். செப்டம்பர் 25 அன்று வடக்கே ஸ்டாம்ஃபோர்ட் பாலத்தில் நார்வே அரசரைத் தோற்கடித்த ஹரோல்ட், தெற்கே வில்லியம் கரையிறங்கிய சேதி கேட்டுப் படையோடு ஓடி வந்து, அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸ் அருகே உயிரை விட்டார். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் அன்று வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் வில்லியமுக்கு முடிசூட்டு விழா. உள்ளே மக்கள் எழுப்பிய ஆரவாரத்தைக் கலகம் என்று நினைத்த நார்மன் காவலர்கள் வெளியே வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள். புதிய ஆட்சிக்குப் பொருத்தமான தொடக்கம்.

இருபது ஆண்டுகளுக்குள் ஆங்கிலேயப் பிரபுக்கள் ஏறக்குறைய ஒட்டுமொத்தமாக நிலம் இழந்தார்கள்; அந்த இடங்களில் நார்மன்கள் உட்கார்ந்தார்கள். யாரிடம் என்ன இருக்கிறது, அதில் தனக்கு எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்துகொள்ள வில்லியம் 1085 கிறிஸ்துமஸில் ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். மறுஆண்டு அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகப் போய், 13,000க்கும் மேற்பட்ட ஊர்களில் உழவு நிலம், ஏர்கள், ஆலைகள், மேய்ச்சல், காடு, குடியானவர்கள் என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். ஒரு மாடோ பன்றியோகூட ஏட்டில் ஏறாமல் தப்பவில்லை என்று அக்காலத்து வரலாற்றுக் குறிப்பு ஒன்று வெட்கத்தோடு புலம்புகிறது. லண்டனும் வின்செஸ்டரும் எப்படியோ விடுபட்டன. தீர்ப்பு நாளில் கடவுள் பார்க்கும் கணக்கைப்போல மேல்முறையீடு இல்லாதது என்பதால், மக்கள் அதற்கு டூம்ஸ்டே ஏடு என்று பெயர் வைத்தார்கள். மூலப்பிரதி இன்றும் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

ஆங்கிலேய அரசர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் போர்களும் மனைவிமார்களும் தலைவெட்டுகளும்தான் முதலில் வரும். ஆனால் ஆட்சிகளின் போக்கைப் பெரும்பாலும் தீர்மானித்தது அரசரின் கஜானா. அரசர் தன் சொந்த நிலத்தின் வருமானத்தில் குடும்பத்தையும் அரண்மனையையும் நடத்திக்கொள்ள வேண்டும் என்பது பழைய எதிர்பார்ப்பு. அமைதிக் காலத்தில் அது ஓரளவு நடந்தது. போர் வந்தால் பற்றாது. அப்போது பிரஜைகளிடம் கேட்டாக வேண்டும். கேட்டவர்களுக்குக் கொடுத்தவர்கள் நிபந்தனை போடத் தொடங்கினார்கள். சுமார் ஐந்நூறு ஆண்டுகளில் அந்த நிபந்தனைகள் சேர்ந்து சேர்ந்து ஓர் அரசியல் அமைப்பாகவே ஆகிவிட்டன.

வில்லியமின் மகன் முதலாம் ஹென்றி (1100–1135) காலத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட துணி விரித்த மேசையில் காய்களை நகர்த்தி வரவுசெலவு பார்க்கும் முறை நிலைபெற்றது. மாவட்ட அதிகாரிகள் ஆண்டுக்கு இருமுறை அந்த மேசைக்கு முன் வந்து கணக்கு ஒப்பிக்க வேண்டும். ஹென்றியின் ஒரே முறையான மகன் 1120இல் கப்பல் விபத்தில் இறந்தான். மகள் மட்டில்டாவுக்கும் மருமான் ஸ்டீபனுக்கும் வாரிசுச் சண்டை மூண்டு நாடு சீரழிந்தது. மட்டில்டாவின் மகன் இரண்டாம் ஹென்றி 1154இல் அரியணை ஏறிய பிறகே ஒழுங்கு திரும்பியது.

இங்கிலாந்து கண்ட மிகத் திறமையான ஆட்சியாளர்களில் இரண்டாம் ஹென்றி ஒருவர். அக்விடேன் நாட்டு எலினோரை 1152இல் மணந்ததால், ஸ்காட்லாந்து எல்லையிலிருந்து பிரனீஸ் மலை வரை அவர் கைக்குள் வந்தது. ஆனால் அவர் விட்டுச்சென்ற பெரிய சொத்து நிலம் அல்ல, நீதிமுறை. அரசரின் நீதிபதிகள் ஊர் ஊராகச் சுற்றி வந்து, உள்ளூர் ஆட்களைச் சத்தியம் செய்ய வைத்து உண்மையை விசாரித்தார்கள். ஜூரி முறையின் வேரும், எல்லோருக்கும் பொதுவான சட்டம் என்ற கருத்தும் அங்கிருந்து வளர்ந்தவை. பல கண்டங்களின் நீதிமன்றங்களில் அந்தச் சட்ட மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது, இந்தியாவிலும்தான். அதே நீதியைப் பாதிரிமார் மீதும் செலுத்த முயன்றபோது பழைய நண்பரான பேராயர் தாமஸ் பெக்கெட் குறுக்கே நின்றார். 1170 டிசம்பர் 29 அன்று அரசரின் நான்கு வீரர்கள் கான்டர்பரி தேவாலயத்துக்குள்ளேயே அவரை வெட்டிக் கொன்றார்கள். ஹென்றி 1174இல் வெறுங்காலோடு அங்கே நடந்துபோய்க் கசையடி வாங்கிப் பரிகாரம் செய்தார்.

மகன் 'சிங்கநெஞ்சன்' ரிச்சர்டை (1189–1199) இங்கிலாந்து இன்றும் கொண்டாடுகிறது. நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே குதிரை மேல் வாளேந்திய சிலையாக நிற்கிறார். பத்தாண்டு ஆட்சியில் அவர் இங்கிலாந்தில் இருந்தது ஏறக்குறைய ஆறு மாதம். சிலுவைப் போருக்குப் பணம் சேர்க்கப் பதவிகளையும் உரிமைகளையும் விற்றார். வாங்க ஆள் கிடைத்திருந்தால் லண்டனையே விற்றிருப்பேன் என்று சொன்னதாக ஒரு கதையும் உண்டு. திரும்பும் வழியில் 1192இல் ஆஸ்திரியப் பிரபுவிடம் பிடிபட்டார். ஜெர்மானியப் பேரரசர் கேட்ட மீட்புத் தொகை 150,000 மார்க். அதற்காகக் குடிமக்களின் வருமானத்திலும் அசையும் சொத்திலும் கால்பங்கு வசூலிக்கப்பட்டது. தேவாலயத்து வெள்ளிப் பாத்திரங்கள் போயின. சிஸ்டர்சியத் துறவிகளின் ஓராண்டுக் கம்பளி போயிற்று. வீரரின் புகழுக்கு விலை கொடுத்தவர்கள் யாரும் சிலையில் இல்லை.

அடுத்து வந்த தம்பி ஜான் (1199–1216) எல்லோரும் வெறுக்கும் அரசர். கொடூரமும் சந்தேகமும் மிகுந்தவர் என்பது உண்மை. ஆனால் அண்ணன் ஆட்சியின் செலவும் அவர் தலையில்தான் விடிந்தது. 1204இல் நார்மண்டியைப் பிரெஞ்சு அரசரிடம் இழந்தார். அதை மீட்கும் போருக்காகத் தொடர்ந்து பணம் வேண்டியிருந்தது. படைக்கு ஆள் அனுப்பாத பிரபுக்கள் அதற்குப் பதிலாகக் கட்டும் 'கேடய வரி'யை அவர் 11 முறை போட்டார். அவருக்கு முன் ஆண்ட மூன்று அரசர்களும் சேர்ந்து போட்டதே அவ்வளவுதான். பேராயர் நியமனத்தில் போப்போடு சண்டை வந்து, 1208 முதல் ஆறு ஆண்டுகள் இங்கிலாந்தில் தேவாலயச் சடங்குகள் நின்றுபோயின. கடைசியில் நாட்டையே போப்பிடம் ஒப்படைத்து, ஆண்டுக்கு 1,000 மார்க் கட்டும் சிற்றரசராக அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இத்தனைக்கும் பிறகு 1214 ஜூலையில் பூவீன் போரில் அவருடைய கூட்டாளிகள் தோற்றார்கள். வசூலித்த பணம் முழுவதும் வீண்.

பிரபுக்கள் கிளர்ந்தெழுந்து லண்டனைப் பிடித்தார்கள். 1215 ஜூன் 15 அன்று தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீட் புல்வெளியில் ஜான் ஒரு சாசனத்துக்கு இசைந்தார். கையெழுத்துப் போடும் அரசரை ஓவியங்களில் பார்க்கலாம். உண்மையில் அவர் கையெழுத்துப் போடவில்லை, முத்திரைதான் பதிக்கப்பட்டது. பின்னாளில் மாக்னா கார்ட்டா என்று பெயர் பெற்ற அந்தச் சாசனத்தில் சுதந்திரப் பிரகடனம் எதுவும் இல்லை. இன்று 63 பிரிவுகளாக எண்ணப்படும் அதில் பெரும்பகுதி பிரபுக்களின் பணக் கவலை: வாரிசு வரிக்கு வரம்பு, விதவைகளைக் கட்டாய மறுமணம் செய்விக்கக் கூடாது, கடனுக்கு நிலத்தை உடனே பறிக்கக் கூடாது. தேம்ஸில் மீன் பிடிக்கப் போட்ட தடுப்புகளை அகற்றச் சொல்லும் பிரிவுகூட உண்டு. இவற்றுக்கு நடுவே, நாட்டின் பொது ஆலோசனை இல்லாமல் கேடய வரி போடக் கூடாது என்று ஒரு பிரிவு. சமமானோரின் தீர்ப்போ நாட்டுச் சட்டமோ இல்லாமல் சுதந்திரமான எந்த மனிதரையும் சிறையிலிடக் கூடாது என்று இன்னொரு பிரிவு.

ஜான் உடனே போப்பிடம் முறையிட, ஆகஸ்டிலேயே சாசனம் செல்லாததாக அறிவிக்கப்பட்டது. உள்நாட்டுப் போர் வெடித்தது. பிரெஞ்சு இளவரசர் படையோடு வந்திறங்கினார். 1216 அக்டோபரில் ஜான் நோயில் இறந்ததுதான் சாசனத்தைக் காப்பாற்றியது. ஒன்பது வயது மூன்றாம் ஹென்றியின் பெயரால் ஆண்டவர்கள் பிரபுக்களைச் சமாதானப்படுத்த அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். 1225இல் அது மீண்டும் வந்தபோது ஒரு வரிக்கு விலையாக வந்தது.

மூன்றாம் ஹென்றி 56 ஆண்டுகள் ஆண்டார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தை இன்றுள்ள கம்பீரத்தில் எழுப்பியவர் அவர். அரசியலில் அந்த அழகு இல்லை. அவரைப் போரில் பிடித்துவைத்த சைமன் டி மான்ட்ஃபோர்ட் 1265இல் கூட்டிய நாடாளுமன்றத்துக்கு மாவட்டப் பிரதிநிதிகளோடு நகரங்களின் பிரதிநிதிகளும் வந்தார்கள். கலகக்காரரின் அந்த யோசனையை, அவரைத் தோற்கடித்துக் கொன்ற முதலாம் எட்வர்டே (1272–1307) பின்னாளில் எடுத்துக்கொண்டார். வேல்ஸை வென்று கானர்வன், கான்வி போன்ற பெருங்கோட்டைகளைக் கட்டியதும், ஸ்காட்லாந்தோடு ஓயாத போரும் அவரிடம் வேறு வழியை விட்டுவைக்கவில்லை. 1295 நாடாளுமன்றத்துக்கு மாவட்டத்துக்கு இருவர், நகரத்துக்கு இருவர் என அழைப்புப் போனது. இந்த ஏற்பாட்டுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. 1290இல் யூதர்கள் அனைவரையும் நாட்டைவிட்டு வெளியேற்றினார் எட்வர்ட். அதற்கு ஈடாக நாடாளுமன்றம் பெருந்தொகை ஒன்றை வரியாக அனுமதித்தது.

இரண்டாம் எட்வர்டின் பதவி 1327இல் பறிக்கப்பட்டது. மகன் மூன்றாம் எட்வர்ட் 50 ஆண்டு ஆண்டு, பிரெஞ்சு முடிக்கே உரிமை கோரி 1337இல் நூற்றாண்டுப் போரைத் தொடங்கினார். 1346இல் கிரெசியில் வில்லாளிகளால் கிடைத்த வெற்றியும், மறுஆண்டு கலே துறைமுகமும் பெரும்புகழ் தந்தன. ஃபிளாரன்ஸ் நகரத்தின் பார்டி, பெருசி வங்கிகளிடம் வாங்கிய கடனைத் திருப்பாமல் விட்டதையும் அந்தப் புகழோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவை சரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1348இல் கொள்ளைநோய் புகுந்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கொன்று போட்டது. போரோ நிற்கவில்லை. வரிக்காகத் திரும்பத் திரும்பக் கூட்டப்பட்ட பொதுச்சபையினர் இந்த ஆட்சியில்தான் பிரபுக்களிடமிருந்து பிரிந்து தனியே உட்காரப் பழகினார்கள்.

பேரன் இரண்டாம் ரிச்சர்டின் ஆட்சியில் கணக்குத் தப்பியது. ஏழை பணக்காரர் பார்க்காமல் தலைக்கு ஒரு ஷில்லிங் என்று மூன்றாவது முறையாகத் தலைவரி போட்டதும், 1381 ஜூனில் கென்ட், எசெக்ஸ் குடியானவர்கள் லண்டனுக்குள் புகுந்தார்கள். பேராயரையும் பொருளாளரையும் பிடித்துத் தலையை வெட்டினார்கள். பதினான்கு வயது அரசர் ஸ்மித்ஃபீல்டில் அவர்களை நேருக்கு நேர் சந்தித்தார். தலைவர் வாட் டைலர் அங்கே வெட்டப்பட்டபோது, நானே உங்கள் தலைவன் என்று கூட்டத்தைத் தன் பின்னால் அழைத்துப்போன துணிச்சல் அந்தச் சிறுவருடையது. கொடுத்த வாக்குறுதிகளைச் சில வாரங்களில் ரத்து செய்தவரும் அவரே. 1399இல் அவரும் முடியிழந்தார்.

1415இல் அஜின்கூரில் வென்ற ஐந்தாம் ஹென்றி 35 வயதில் இறந்தார். ஒன்பது மாதக் குழந்தையாக முடி பெற்ற ஆறாம் ஹென்றியின் காலத்தில் கலே தவிர பிரெஞ்சு நிலமெல்லாம் போனது. லங்காஸ்டர், யார்க் குடும்பங்கள் முப்பது ஆண்டுகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். 1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வொர்த் போரில் விழுந்த யார்க் குலத்து அரசர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012இல் லெஸ்டர் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தது.

அன்று வென்ற ஏழாம் ஹென்றிதான் ட்யூடர் வம்சத்தின் முதல் அரசர். யார்க் குலத்து எலிசபெத்தை மணந்து இரு குடும்பங்களையும் இணைத்தார். கணக்கேடுகளைத் தானே சரிபார்த்துப் பக்கந்தோறும் கையொப்பமிட்ட கறார்ப் பேர்வழி. போரை முடிந்தவரை தவிர்த்தார். பிரபுக்களிடம் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, வாலாட்டினால் பணம் கறந்தார். நாடாளுமன்றத்தை அவர் அதிகம் கூட்டாததற்குக் காரணம் எளிது. கேட்க வேண்டிய தேவை அவருக்கு அரிதாகவே வந்தது. 1509இல் அவர் போனபோது யாரும் பெரிதாக அழவில்லை.

பதினேழு வயதில் வந்த எட்டாம் ஹென்றிக்குச் சிக்கனம் பிடிக்காத குணம். தந்தைக்காக வசூல் செய்த எம்ப்சன், டட்லி இருவரின் தலையையும் 1510இல் வாங்கி மக்களிடம் நல்ல பெயர் எடுத்தார். பிரெஞ்சுப் போர்களில் சேமிப்பு கரைந்தது. 1525இல் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் ஒரு வசூலுக்கு முயன்று, சஃபோக் நெசவாளர்களின் எதிர்ப்பில் பின்வாங்கினார். ஆறு மனைவியரின் கதை எல்லோரும் அறிந்தது: அரகோன் கேதரினிடம் ஆண் வாரிசு இல்லை, போப் திருமண ரத்துக்கு இசையவில்லை, 1534இல் அரசரே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவரானார். ஆன் பொலினும் கேதரின் ஹவர்டும் வெட்டுமேடையில் முடிந்தார்கள். பழைய நண்பர் தாமஸ் மோரும், திருச்சபைப் பிரிவைச் சட்டமாக வடித்துக் கொடுத்த தாமஸ் க்ராம்வெல்லும்கூடத் தப்பவில்லை.

இந்த நாடகத்தில் கவனிக்கப்படாத பாத்திரம் நாடாளுமன்றம். போப்போடு முறித்துக்கொண்டதை ஹென்றி தன் ஆணையால் செய்திருக்கலாம், சட்டங்களாகச் செய்தார். மதத்தையே மாற்றும் வல்லமை நாடாளுமன்றச் சட்டத்துக்கு உண்டு என்பதை ஒரு சர்வாதிகாரியே நிறுவிக் கொடுத்தது வரலாற்றின் வேடிக்கை. 1536 முதல் 1540 வரை சுமார் 800 துறவி மடங்கள் மூடப்பட்டு, அவற்றின் நிலங்கள் முடிக்கு வந்தன. அவற்றை வைத்துக்கொண்டிருந்தால் வாரிசுகள் யாரிடமும் கையேந்த வேண்டியிருந்திருக்காது. ஆனால் 1540களின் போர்களுக்காக அதில் பெரும்பகுதியை விற்றுத் தீர்த்தார். அதுவும் போதாமல் வெள்ளி நாணயத்தில் செம்பைக் கலந்தார். தேய்ந்த நாணயத்தில் அரசரின் மூக்கு மட்டும் சிவந்து தெரிய, 'செம்பு மூக்கர்' என்று மக்கள் கிண்டலடித்தார்கள்.

மகன் ஆறாம் எட்வர்ட் 15 வயதில் இறந்தார். ஜேன் கிரே ஒன்பது நாள் ராணி. பிறகு வந்த ஹென்றியின் மகள் மேரி நாட்டைக் கத்தோலிக்கத்துக்குத் திருப்ப முயன்று, ஏறக்குறைய 280 புராட்டஸ்டன்டுகளைத் தீயிலிட்டார். 1558 ஜனவரியில் கலேயும் கைவிட்டுப் போனது.

அதே ஆண்டு நவம்பரில் மேரிக்குப் பின் வந்த தங்கை, 25 வயது எலிசபெத் பெற்றது கடனையும் செம்பு கலந்த நாணயத்தையும். இரண்டே ஆண்டுகளில் நாணயத்தைத் திரும்பப் பெற்று நல்ல வெள்ளியில் அச்சிட்டார். மதத்தில் நடுவழி ஒன்றை 1559இல் சட்டமாக்கினார். திருமணப் பேச்சை வருடக்கணக்கில் இழுத்து அதையே வெளியுறவுக் கொள்கையாக நடத்தினார். முடிவெடுப்பதைத் தள்ளிப்போடும் குணம் அமைச்சர்களைப் பைத்தியமாக்கியது. ஆனால் முடிவெடுக்காததால் மிச்சமான பணமும் உயிரும் அதிகம். ஸ்காட்லாந்து ராணி மேரியை 19 ஆண்டுகள் காவலில் வைத்திருந்து, 1587இல் தலைவெட்டும் ஆணையில் கையொப்பமிட்டுவிட்டு, அதை நிறைவேற்றியதற்காகத் தன் செயலாளரையே சிறையிலிட்டார். 1588இல் ஸ்பெயினின் சுமார் 130 கப்பல்கள் ஆங்கிலேயத் தீக்கப்பல்களாலும் புயலாலும் சிதறின. வென்ற மாலுமிகள் பலர் சம்பளம் கிடைக்காமல் நோயில் துறைமுகங்களில் செத்தது கொண்டாட்டங்களில் இடம்பெறுவதில்லை.

ஸ்பெயினோடு போர் நீண்டது. 44 ஆண்டு ஆட்சியில் 10 நாடாளுமன்றங்களை மட்டும் கூட்டிய ராணி, கடைசிக் காலத்தில் பணத்துக்கு வேறு வழி பார்த்தார். உப்பு, சீட்டுக்கட்டு, கஞ்சிப்பசை என்று பொருளுக்கு ஒருவருக்கு ஏகபோக உரிமை கொடுத்தார், விலை ஏறியது. 1601இல் பொதுச்சபையில் அந்தப் பட்டியல் வாசிக்கப்பட்டபோது, ரொட்டி இன்னும் அதில் சேரவில்லையா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ராணி சாமர்த்தியமாக இறங்கிவந்து, மோசமான சிலவற்றை ரத்து செய்தார். கோபத்தோடு வந்தவர்கள் கண்ணீரோடு போனார்கள். ஆனால் அதே வகை உரிமை ஒன்று நிலைத்துவிட்டது. 1600 டிசம்பர் 31 அன்று லண்டன் வணிகர்கள் 200க்கும் மேற்பட்டோருக்கு, நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே வணிகம் செய்யும் தனியுரிமை 15 ஆண்டுகளுக்குத் தரப்பட்டது. அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 39 ஆண்டு கழித்து மதராசப்பட்டினத்தில் நிலம் பெற்று, பிறகு கோட்டை கட்டியது.

1603இல் எலிசபெத் வாரிசின்றி இறக்க, ஸ்காட்லாந்து அரசர் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானார். 1605 நவம்பர் 5 வெடிமருந்துச் சதியிலிருந்து தப்பினார். அவர் பெயரால் வழங்கும் பைபிள் மொழிபெயர்ப்பு 1611இல் வந்தது. கடவுளிடமிருந்து நேராக வந்த அதிகாரம் தனது என்று அவர் நம்பினார். ஆனால் கடவுள் பணம் அனுப்பவில்லை. 'பாரனெட்' என்ற புதிய பட்டத்தை உண்டாக்கி 1,095 பவுண்டுக்கு விற்றார். 1621இல் பொதுச்சபை தன் உரிமைகளைப் பதிவு செய்த பக்கத்தைத் தன் கையாலேயே கிழித்தெறிந்தார்.

மகன் முதலாம் சார்லஸ் (1625–1649) தனிவாழ்வில் ஒழுக்கமானவர், கலை ரசிகர், விட்டுக்கொடுக்கத் தெரியாதவர். புதிய அரசருக்குச் சுங்க வரியை ஆயுள் முழுக்க அனுமதிப்பது வழக்கம். முதல் நாடாளுமன்றமே ஓராண்டுக்கு மட்டும் தர முன்வந்தது. அவர் கட்டாயக் கடன் வசூலித்து, மறுத்தவர்களைச் சிறையிலிட்டார். 1628இல், ஒப்புதலின்றி வரியோ காரணமின்றிச் சிறையோ கூடாது என்ற உரிமை மனுவை வேறு வழியின்றி ஏற்றார். மறுஆண்டு சபையைக் கலைக்க ஆணை வந்தபோது, உறுப்பினர்கள் சபாநாயகரை நாற்காலியில் அழுத்திப் பிடித்துவைத்துத் தீர்மானங்களை நிறைவேற்றினார்கள். அதன்பின் 11 ஆண்டுகள் நாடாளுமன்றமே இல்லை.

அந்த ஆண்டுகளில் சார்லஸ் பழைய சட்டங்களைத் தோண்டிப் பணம் தேடினார். போர்க்காலத்தில் துறைமுக ஊர்கள் கப்பலுக்குக் கொடுத்த பணத்தை, அமைதிக் காலத்தில் உள்நாட்டு ஊர்களிடமும் கேட்டார். ஜான் ஹாம்டன் என்ற பணக்கார நிலக்கிழார் 20 ஷில்லிங் கட்ட மறுத்து வழக்காடினார். 12 நீதிபதிகளில் 7 பேர் அரசர் பக்கம், 5 பேர் எதிராக. சட்டப்படி அரசர் வென்றார். ஆனால் ஐந்து நீதிபதிகளே ஏற்காத வரியைக் கட்டுவானேன் என்று நாடு கேட்டது.

பணம் இருந்தவரை இது ஓடியிருக்கும். 1637இல் ஸ்காட்லாந்து மீது ஆங்கிலேயப் பாணி வழிபாட்டு நூலைத் திணித்தார், எடின்பரோ கொதித்தெழுந்தது. படைக்குப் பணம் வேண்டி 1640 ஏப்ரலில் நாடாளுமன்றத்தைக் கூட்டி, மூன்று வாரத்தில் கலைத்தார். ஸ்காட்டியர் வட இங்கிலாந்துக்குள் இறங்கியதும் நவம்பரில் மறுபடி கூட்டினார். இந்த முறை வந்தவர்கள் எளிதில் போகவில்லை. கப்பல் வரியை ஒழித்தார்கள்; அவர்களின் ஒப்புதலின்றி அவர்களைக் கலைக்க முடியாது என்று சட்டம் போட்டார்கள். 1642 ஜனவரி 4 அன்று ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய ஆயுதம் ஏந்திய ஆட்களோடு சார்லஸ் சபைக்குள் நுழைந்தார். ஐவரும் முன்பே நழுவியிருந்தார்கள். எங்கே என்று கேட்டதற்கு, சபை அனுமதிப்பதைத் தவிர வேறு எதையும் பார்க்கவோ பேசவோ தனக்கு உரிமையில்லை என்று சபாநாயகர் லென்தால் மண்டியிட்டுச் சொன்னார். அதன்பின் எந்த அரசரும் சபை நடக்கும்போது பொதுச்சபைக்குள் கால் வைத்ததில்லை. கூட்டத்தொடர் தொடக்கத்தில் அரசரின் தூதர் வரும்போது முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தும் சடங்கு இன்றும் நடக்கிறது.

ஆகஸ்டில் போர் தொடங்கியது. 1645இல் நேஸ்பியில் அரசரின் படை நொறுங்கியது. தோற்றபின்னும் ஒரு கட்சியை இன்னொன்றோடு மோதவிட்டுத் தப்பப் பார்த்ததுதான் அவருக்கு எமனாயிற்று; இவரோடு எந்த ஒப்பந்தமும் நிற்காது என்று ராணுவம் முடிவுசெய்தது. விசாரணையில் அவர் நீதிமன்றத்தின் அதிகாரத்தையே ஏற்கவில்லை. சட்டப்படி அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 59 பேர் மரண ஆணையில் கையொப்பமிட்டார்கள். 1649 ஜனவரி 30, கடுங்குளிர். நடுங்கினால் பயம் என்று நினைப்பார்களே என்று இரண்டு சட்டை அணிந்துகொண்டார். தந்தையின் தெய்வீக ஆட்சியைப் போற்றி ஓவியர் ரூபன்ஸ் தீட்டிய விதானத்தின் கீழ் நடந்து, ஜன்னல் வழியாக மேடைக்குப் போனார்.

பதினோரு ஆண்டுகள் முடியில்லாத இங்கிலாந்து. ராணுவத் தலைவர் ஆலிவர் க்ராம்வெல் முடியை மறுத்துவிட்டு அரசரைவிடக் கறாராக ஆண்டார். 1660இல் திரும்பி வந்த, கொல்லப்பட்ட அரசரின் மகன் இரண்டாம் சார்லஸ் சிரிப்பும் சரசமுமாக நாட்டை ஆண்டவர். கொள்ளைநோயும் (1665) லண்டன் பெருந்தீயும் (1666) அவர் காலத்தவை. போர்த்துக்கல் இளவரசி கேதரினை மணந்ததில் சீதனமாக வந்த பம்பாயை, 1668இல் ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகைக்குக் கம்பெனியிடம் கொடுத்தார். அந்த நகரத்தின் பின்னாளைய மதிப்பை நினைத்தால் இதைவிட மலிவான குத்தகை கிடைக்காது. 1670இல் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியிடம் ரகசியமாகப் பணம் பெற்றுக்கொண்டார். 1672இல் தனக்குக் கடன் கொடுத்தோருக்குத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தினார். லண்டன் வங்கியாளர்கள் பலர் நொடித்தார்கள்.

கத்தோலிக்கரான தம்பி இரண்டாம் ஜேம்ஸ் 1685இல் வந்தபோது நாடாளுமன்றம் தாராளமாகவே வருவாய் அளித்தது. அது அவரைத் துணியவைத்தது. பெரிய படையை வைத்துக்கொண்டார். சட்டங்களைத் தன் விருப்பப்படி ஒதுக்கினார். 1688 ஜூனில் அவருக்கு மகன் பிறந்ததும், கத்தோலிக்க வம்சம் நிலைத்துவிடுமோ என்று பயந்த ஏழு பிரமுகர்கள் ஜேம்ஸின் மருமகனான ஹாலந்தின் வில்லியமுக்குக் கடிதம் எழுதினார்கள். நவம்பர் 5 அன்று வில்லியம் டோர்பேயில் இறங்கினார். டிசம்பரில் ஜேம்ஸ், அரசு முத்திரையைத் தேம்ஸில் எறிந்துவிட்டுத் தப்பி ஓடினார். முத்திரை இல்லாமல் ஆட்சி நடக்காது என்று கணக்குப் போட்டிருந்தார், நடந்தது.

1689இல் மூன்றாம் வில்லியமும் அவர் மனைவி மேரியும் கூட்டாக முடி ஏற்றார்கள். உரிமைச் சட்டம் அந்த ஆண்டு நிறைவேறியது: நாடாளுமன்றம் இல்லாமல் பணம் வசூலிப்பதும், அமைதிக் காலத்தில் படை வைப்பதும் சட்டவிரோதம். காகிதத்தில் எழுதியதைவிடப் பயன்பட்டது ஒரு நடைமுறைத் தந்திரம். சுங்க வருவாயை ஆயுளுக்குக் கொடுக்காமல் சில ஆண்டுகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் போரோ பெரிது. ஆகவே ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தைக் கூட்டியாக வேண்டியதாயிற்று. 1689 முதல் ஓர் ஆண்டும் தவறவில்லை. 1694இல் இங்கிலாந்து வங்கி உருவாகி, அரசுக்கு 12 லட்சம் பவுண்டை 8 சதவீத வட்டிக்குக் கொடுத்தது. அரசரின் சொந்தக் கடன் நாட்டின் கடனாக மாறியது. நாடாளுமன்றம் வட்டிக்குப் பொறுப்பேற்றதால், சார்லஸ்களை நம்பாத வணிகர்கள் இப்போது வரிசையில் நின்று கடன் கொடுத்தார்கள்.

மேரியின் தங்கை ஆன் (1702–1714) 1603இல் ஜேம்ஸோடு வந்த ஸ்டூவர்ட் வம்சத்தின் கடைசி ஆட்சியாளர். பதினேழு முறை கருவுற்றும் ஒரு குழந்தையும் தங்கவில்லை. 11 வயது வரை வாழ்ந்த மகனும் 1700இல் இறந்தான். அரசர் கைபட்டால் கழுத்துக் கழலை குணமாகும் என்ற நம்பிக்கையில் நோயாளிகளைத் தொட்ட கடைசி அரசியும் இவரே. பின்னாளில் அகராதி எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சன் குழந்தையாக அப்படித் தொடப்பட்டவர். 1707 மே 1 அன்று இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே நாடாயின. இங்கிலாந்தின் கடனில் பங்கேற்பதற்கு ஈடாக ஸ்காட்லாந்துக்கு 398,085 பவுண்டு 10 ஷில்லிங் கொடுக்கப்பட்டது. 'இங்கிலாந்தின் அரசர்' என்ற பட்டம் சட்டப்படி அன்றோடு முடிந்தது. ஆன் அன்று முதல் பெரிய பிரித்தானியாவின் அரசி. 1708 மார்ச்சில் ஸ்காட்லாந்துப் படை மசோதா ஒன்றுக்கு அமைச்சர்களின் யோசனைப்படி ஒப்புதல் மறுத்தார். அதற்குப்பின் எந்த மசோதாவுக்கும் எந்த அரசரும் ஒப்புதல் மறுத்ததில்லை.

1714 ஆகஸ்ட் 1 அன்று ஆன் இறந்தார். ரத்த உறவில் நெருங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்ட கத்தோலிக்கர்களைத் தாண்டி, 1701இல் இயற்றிய சட்டப்படி ஹானோவரின் ஜார்ஜுக்கு முடி போனது. அவருடைய கொள்ளுப்பேரன் மூன்றாம் ஜார்ஜ் 1760இல் பட்டத்துக்கு வந்ததும், முடிக்குச் சொந்தமான நிலங்களின் வருமானத்தை நாடாளுமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டு, அதற்குப் பதில் ஆண்டுக்கு 8 லட்சம் பவுண்டு படியாகப் பெற்றுக்கொள்ளச் சம்மதித்தார்.